வேலை பூஜ்யம்

"மூணாவது மாடியிலிருந்து விழுந்தா, தரையில மோதும்போது உங்க வேகம் என்ன? சொல்லுங்க அத்தை! இப்பவே சொல்லுங்க!"

பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த நர்சம்மாவின் கையிலிருந்து கிளிப் நழுவிக் கீழே விழுந்தது.

பக்கத்து வீட்டு மருமகளின் குரல்தான். சந்தேகமே இல்லை.

"விழுந்தப்புறம் வேகத்தைப் பத்தி என்னம்மா கவலை?" மாமியாரின் குரல் ஈனஸ்வரத்தில் வந்தது.

"விளையாடாதீங்க! காலையிலிருந்து உங்களோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன். தள்ளுங்க அந்தச் சுவரை!"

"தள்ளிக்கிட்டுத்தானே இருக்கேன். மூச்சு வாங்குதும்மா."

"சுவர் நகர்ந்துச்சா?"

"அது எங்கேம்மா நகரும்?"

"அப்ப நீங்க செஞ்ச வேலை பூஜ்யம்! நாள் பூரா தள்ளினாலும் பூஜ்யம்தான்!"

நர்சம்மாவுக்கு ரத்தம் கொதித்தது. ஒரே பார்வையில் முழு வார்டையும் அடக்கி வைத்திருந்தவள். ரிட்டயரான பிறகு அதட்ட ஆள் கிடைக்காமல் நாக்கு வேறு துருதுருத்துக்கொண்டிருந்தது.

விறுவிறுவென்று போய்ப் பக்கத்து வீட்டு மணியை அழுத்தினாள். அழுத்திய விரலை எடுக்கவே இல்லை.

கதவைத் திறந்தாள் மருமகள். கொண்டையில் பென்சில், கன்னத்தில் சாக்பீஸ் தூள்.

"ஏம்மா, பெரியவங்களைப் போட்டு இந்தப் பாடு படுத்தறியே, நாளைக்கு உனக்கு வயசாகாதா? சுவரைத் தள்ளணும், மாடியிலிருந்து விழணும்... என்ன அக்கிரமம் இது?"

மருமகள் திருதிருவென விழித்தாள். உள்ளே சுவரில் இரண்டு கையையும் ஊன்றி நின்றிருந்த மாமியார், திரும்பிப் பார்த்துக் கலகலவென்று சிரித்துவிட்டாள்.

"வாங்க நர்சம்மா! ஸ்கூல் பைனல் எழுதப்போறேன், தனித்தேர்வு. மத்த பாடமெல்லாம் ஓடிடுது, இந்த இயற்பியல்தான் உதைக்குது."

பீரோ கதவு முழுக்கச் சாக்பீஸில் சூத்திரங்கள். நர்சம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கொஞ்சம் அசடும் வழிந்தது.

"நீங்களே கேளுங்க அக்கா," மருமகள் குமுறினாள். "விசைன்னா நிறை பெருக்கல் முடுக்கம்னு நேத்து தொண்டை வத்தக் கத்தினேன். இன்னைக்குக் கேட்டா நிறை பெருக்கல் வேகமாம்! நிறையும் எடையும் ஒண்ணாம்!"

"என் எடையை ஏம்மா ஊரைக் கூட்டிச் சொல்றே?"

"பாத்தீங்களா, பாத்தீங்களா!" மருமகள் தலையில் அடித்துக்கொண்டாள். "உக்காருங்கக்கா, டீ போடறேன். அத்தை, நான் வர்றதுக்குள்ள ஓம் விதி மனப்பாடம் ஆகியிருக்கணும்!"

முணுமுணுத்துக்கொண்டே சமையலறைக்குள் போனாள்.

நர்சம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "இருந்தாலும் அவளுக்கு இவ்வளவு கோபம் ஆகாது. உங்களுக்குத்தான் எதுக்கு இந்தத் தலையெழுத்து? பாஸ் பண்ணி ராக்கெட்டா விடப்போறீங்க?"

மாமியார் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"பாஸா? நான் பரீட்சையே எழுதப்போறதில்ல."

"என்னது!"

"ஸ்ஸ்! இவ பாடம் நடத்தின ஸ்கூலை மூடிட்டாங்க இல்ல, அன்னையிலிருந்து பேச்சே நின்னுபோச்சு. சாப்பிடக் கூப்பிட்டாக்கூடத் தலையாட்டல்தான். புத்தகத்தையெல்லாம் மூட்டை கட்டிப் பரண்ல போட்டுட்டா. என் பிள்ளை கெஞ்சிப் பாத்தான், ஒண்ணும் நடக்கலை. நான்தான் படிக்கப்போறேன்னு ஒரு பொய்யைச் சொல்லி, மூட்டையை இறக்க வெச்சேன்."

"அத்தை! ஓம் விதி என்ன?" சமையலறையிலிருந்து குரல் அதிர்ந்தது.

"கரன்ட்டையும் ரெசிஸ்டன்ஸையும் கூட்டினா வோல்டேஜ்ம்மா!"

"கூட்டினாலா? ஐயோ! பெருக்கணும் அத்தை, பெருக்கணும்!" கரண்டி ஒன்று எங்கேயோ விழுந்தது. தண்ணீர்க் குழாய், தொட்டி, அழுத்தம் என்று விளக்கம் மடைதிறந்த வெள்ளமாக வர ஆரம்பித்தது.

மாமியார் கண்ணை மூடி அதைக் கேட்டாள். பிறகு நர்சம்மாவின் காதருகே குனிந்தாள்.

"அவ சொல்லிக்கொடுத்ததுல எனக்கு எல்லாமே மனப்பாடம் நர்சம்மா. தினமும் ராத்திரி உக்காந்து, மறுநாள் எதையெதைத் தப்பாச் சொல்றதுன்னுதான் படிச்சுக்கிட்டிருக்கேன்!"