ஆற்றோரச் சிங்கம்

சஃபாரி வண்டி குலுங்கியதில் நைரோபியிலிருந்து வந்த ஞாம்புராவுக்கு இடுப்பே கழன்றுவிட்டது. எதிரே புல்லில் ஒரு தாய்ச் சிவிங்கிப்புலி மானுக்காகப் பதுங்கியிருந்தது. பின்னால் விலா எலும்பு தெரியும் இரண்டு குட்டிகள். சுற்றி நின்று உறுமிய சுற்றுலா வண்டிகளால் மான்கள் மிரண்டன.

"நேத்தும் இப்படித்தான் பட்டினி போட்டாங்க" என்ற வழிகாட்டி லெமாயன், ரேடியோவில் யாரிடமோ மசாய் மொழியில் கதையளந்தான்.

"ஆத்தோரம் சிங்கமாம்!" என்று ஓர் ஓட்டுநர் கத்த, எல்லா வண்டிகளும் பறந்தன.

"நாமளும் போலாம்ப்பா!" என்றாள் ஞாம்புரா. "இல்லன்னா முதலாளிகிட்ட சொல்லி உன் வேலைக்கு வேட்டு வச்சிருவேன்."

"வைங்கக்கா. இப்ப மூச்சு காட்டாதீங்க."

சிவிங்கி பாய்ந்தது. மான் விழுந்தது. குட்டிகள் ஓடிவந்து வாய் வைத்தன.

ரேடியோ சீறியது, இம்முறை அவளுக்கும் புரிந்த சுவாஹிலியில்: "இங்க ஈ காக்கா இல்ல. நீ சொன்ன சிங்கம் எங்கடா, லெமாயன்?"

"கடன் சொல்லிக்கிறேண்ணே. உங்க எல்லாருக்கும் ஒரு சிங்கம் பாக்கி."