அறுபத்தொன்றாவது ஆள்

ரோஷன் பேகம் வீட்டில் அன்று நெய்ச்சோற்றைவிடக் கணக்குதான் அதிகமாகக் கொதித்தது. மகளின் நிக்காஹ் விருந்துக்கு நெரவியிலிருந்து சம்பந்தி வீட்டார் அறுபத்தொரு பேர் புறப்பட்டுவிட்டார்கள்.

"சஹனுக்கு நாலு பேரு. பதினஞ்சு சஹன் போக ஒருத்தர் மிச்சம்" என்றார் கணவர் மதார் சாகிப்.

சஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து, எல்லாரும் அதில் சேர்ந்து சாப்பிடுவதுதான் மரியாதை. ஒருவர் தனியாகச் சாப்பிட நேர்ந்தால், சம்பந்தியம்மா அதைப் பேரன் பேத்தி எடுத்த பிறகும் சொல்லிக்காட்டுவார்.

"அஞ்சஞ்சு பேரா உட்கார வைங்களேன்!"

"அப்பவும் ஒருத்தர் மிச்சம்."

"மும்மூணு பேரா?"

"ஒருத்தர். ஆறாறா வச்சாலும் ஒருத்தர். அறுபத்தொண்ணு எந்த வாய்ப்பாட்டுலயும் வரமாட்டேங்குது!"

சல்லடை கேட்டு வந்து, முக்கால் மணி நேரமாக நகராமல் நின்ற பக்கத்து வீட்டு ஆஸியா பீவி, "ஒரு சஹன்ல மட்டும் ஒருத்தரை நெருக்கி உட்கார வச்சா?" என்றாள்.

"எந்த சஹன்ல நெருக்குறது? அவங்க சண்டைக்கு வருவாங்களே!"

தெருமுனையில் மாட்டுவண்டிச் சலங்கைகள் கேட்டன. ரோஷன் பேகத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

பத்து நாளாக வாயே திறக்காத மணப்பெண் அஜீசுன்னிசா, அறைக்கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

"உம்மா, அந்த அறுபத்தொண்ணு மாப்பிள்ளையையும் சேர்த்தா?"

"ஆமா, பின்னே?"

"நிக்காஹ் முடிஞ்சா அவங்க நம்ம வீட்டோடதானே இருக்கப் போறாங்க? விருந்தாளியோட எதுக்கு எண்ணுறீங்க? அவங்களுக்கு என் சஹன்ல சாப்பாடு!"