மாடு கழித்த கட்டை

ஆராய்ச்சிப் பண்ணைக் கொட்டகையில் அடுத்தடுத்து இரண்டு தீவனத் தொட்டிகள்.

முதல் தொட்டியில் போட்டது நெருக்கி விதைத்த சோளத்தட்டு. தண்டு பென்சில் கனம்தான். மாடு ஒரு துணுக்குகூட வைக்கவில்லை.

இரண்டாவதில் இடைவெளி விட்டு விதைத்தது. இலையும் நுனியும் போய், கட்டைவிரல் தடிமனில் அடித்தண்டுகள் கிடந்தன.

அவள் அவற்றை அள்ளித் தராசில் வைத்தாள். மூன்று கிலோ நானூறு. ஆய்வுக் குறிப்பேட்டில் ‘வீண்’ என்ற தலைப்பின் கீழ் எழுதினாள்.

கொட்டகை கூட்ட வந்த மாராத்தாள் எட்டிப் பார்த்தாள்.

“அம்மிணி, இதை நாங் கொண்டுட்டுப் போகட்டுங்களா? காய வெச்சா அடுப்புக்கு ஆகும். ரெண்டு நாளைக்கு வெறகுக்குப் போற சோலி மிச்சமுங்க.”

அவள் தலையசைத்தாள்.

பேனா அப்படியே நின்றது.

வெல்லம் கருகுவது போன்ற வாசம். கணுக்கள் வெடிக்கும் சத்தம்.

அம்மாவின் அடுப்பில் எரிந்ததெல்லாம் மாடு கழித்த சோளக் கட்டைகள்தான். மற்றப் பெண்கள் விடிந்ததும் கருவேலங்காட்டுக்கு விறகுக்குப் போவார்கள். அம்மா போனதே இல்லை. இடது காலைச் சாய்த்துச் சாய்த்து நடப்பவள்.

அம்மாவிடம் அப்பா பிரியமாக ஒரு சொல் பேசி அவள் கேட்டதில்லை. அம்மா இறந்த அன்றும் அவர் அழவில்லை. அதன்பிறகு அவள் ஊருக்குப் போவதைக் குறைத்துக்கொண்டாள். அம்மா இறந்து மூன்று வருடமாகிறது.

கல்லூரியில் சேர்ந்த முதல் விடுமுறையிலேயே அவரிடம் சொன்னாள். நெருக்கி விதையுங்கள், தண்டு மெலியும், மாடு மிச்சம் வைக்காது.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சோளக்காட்டுக்குப் போனார். இடைவெளி விட்டே விதைத்தார்.

ஒவ்வொரு வருடமும் சொன்னாள். ஒவ்வொரு வருடமும் அப்படியே.

எத்தனை தட்டு வீணாகிறது என்று அம்மாவிடம் முறையிட்டாள். அம்மா ஒரு கட்டையை அடுப்புக்குள் தள்ளினாள். முகத்தில் வெளிச்சம் ஏறியது.

“உங்கப்பனுக்குத் தெரியாததா, போ கண்ணு.”

அம்மா இறந்த வருடம், ஆடி மழைக்கு, அப்பா முதல் தடவையாக நெருக்கி விதைத்தார்.

கடைசியில் தன் பேச்சைக் கேட்டுவிட்டார் என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.