டாஷ்போர்டு முருகன்

மூன்று நாள் முன்பு வாங்கிய பழைய எஸ்யூவி, மாலையும் சக்கரத்தடியில் எலுமிச்சையுமாக, கோயில் வாசலில் இன்ஜின் ஓட நின்றது. அதன் எதிரே நின்று, சேசிஸ் நம்பரைப் போனில் சொல்லி முடித்தான் தணிகாசலம்.

"கம்பெனி திரும்பக் கூப்பிட்ட வண்டி சார் இது," என்றாள் சர்வீஸ் சென்டர் பெண். "இடப்பக்க ஏர்பேக் தானாவே வெடிக்கலாம். அந்தப் பக்கம் யாரும் உக்காரக் கூடாது. டாஷ்போர்டுல எதுவும் ஒட்டியிருக்கீங்களா?"

ஏர்பேக் மூடியின்மேல், கூர்வேலுடன் பித்தளை முருகனை அவனேதான் காலையில் பசை தடவி ஒட்டியிருந்தான். அதற்கு நேர் முன்னால், மடியில் குழந்தையோடு மனைவி உட்கார்ந்திருந்தாள்.

"மங்கை, உடனே எறங்கு!"

"பூசாரி தீபாராதனை காட்டும்போதா? சும்மா இருங்க," என்றவள், குழந்தையின் கைகளைப் பிடித்து வேலுக்கு நேராகக் கூப்பவைத்தாள்.