யூலான் இன்னும் சாப்பிடுகிறாள்

யூலான் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை. அதனால் வீட்டில் வேறு யாருக்கும் சாப்பாடு கிடையாது.

அவளுடைய கணவர் லியாவ் மட்டும் நிம்மதியாக உட்கார்ந்து, இறால் உரித்து அவள் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார். மகன் போவென் கடிகாரத்தைப் பார்த்தான். மருமகள் சிங்யி, வயிற்றுப்பிள்ளைக்காரி, ஆறிக்கொண்டிருந்த பால்மீனைப் பார்த்தாள்.

"அப்பா, மறுபடி கேளுங்க."

"இப்பத்தானே கேட்டேன்? உங்கம்மாவை நிம்மதியா சாப்பிட விடுடா."

யூலான் இருந்த காலத்திலும் மெதுவாகத்தான் சாப்பிடுவாள். செத்து ஒரு வருடம் ஆனபிறகு வேகம் கூடும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

படையல் போட்டு, ஊதுவத்தி பாதி எரிந்ததும், இரண்டு காசுகளைத் தரையில் போட்டுக் கேட்கவேண்டும். ஒன்று தலை, ஒன்று பூ என்று விழுந்தால் போனவர் சாப்பிட்டாயிற்று. இரண்டும் ஒரே மாதிரி விழுந்தால் இன்னும் இல்லை. அதுவரை இருப்பவர்கள் கை நனைக்கக் கூடாது.

லியாவ் சட்டையின் இடது பையிலிருந்து காசுகளை எடுத்தார். லேத் பட்டறையில் காய்த்துப்போன உள்ளங்கைகளுக்குள் வைத்துக் குலுக்கிப் போட்டார். கட்டைச் சத்தத்தோடு விழுந்தன. இரண்டும் தலை.

"இன்னும் இல்லையாம்," என்றார், முகத்தில் துளி வருத்தமில்லாமல். "ஃபேனை அவ பக்கம் திருப்பு. வேர்த்துக் கொட்டினா அவளுக்குச் சோறு இறங்காது."

ஃபேன் திரும்பியது. மேசைமேல் யூலானின் பெயர் எழுதி நிறுத்தியிருந்த தாள் படபடத்தது.

மறுபடி காசு. இரண்டும் தலை.

"பீர் கேக்கறா. அரை கிளாஸ். மொத வாய் குடிச்சுட்டுக் கண்ணை மூடிப்பாளே, அந்த ஒரு வாய்க்காகத்தான் வெயிலு எப்ப சாயும்னு பாத்துக்கிட்டிருப்பா."

ஊற்றினார்கள். சற்று நேரத்தில் கிளாசில் கொஞ்சம் குறைந்த மாதிரி சிங்யிக்குத் தெரிந்தது. நுரை அடங்கினால் அப்படித்தான் தெரியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

மறுபடியும் இரண்டு தலை.

"ஜன்னலைத் திறடா. குப்பை லாரி பாட்டுப் போட்டுக்கிட்டு வர்ற நேரம். அது தெரு திரும்பறப்ப இவளும் கூடவே பாடுவா. குப்பை போடறதுல இவ்வளவு சந்தோஷப்பட்ட பொம்பளைய நான் பார்த்ததே இல்ல."

"காசை என்கிட்ட குடுங்கப்பா. நான் போடறேன்."

"புருஷன் பொண்டாட்டி பேச்சுல உனக்கு என்ன வேலை?"

போவென் மனைவியின் காதருகே குனிந்தான். "வருஷம் முழுக்க ஒவ்வொரு பௌர்ணமிக்கும் இதே கூத்துதானே, நீயும் பார்த்திருக்கியே. கடைசியில 'இந்தக் காசுக்கு ராசி இல்ல'ம்பார். வலது பையிலேருந்து வேற காசை எடுப்பார். அம்மா உடனே எழுந்துடுவாங்க."

"அப்ப வலது பைக்கே போகச் சொல்லுங்களேன்."

போவென் தொண்டையைச் செருமினான். "அப்பா, இருட்டறதுக்குள்ள அம்மா பேரை எரிச்சு, சாம்பலை முன்னோருங்க ஊதுவத்திச் சட்டியில சேர்த்தாகணும். வருஷம் முடிஞ்சுதே."

லியாவின் கை இறாலில் நின்றது.

"சேர்த்தா அவ்வளவுதான். அப்புறம் என் பாட்டன் பூட்டனோட ஒரே பந்தி. இவளுக்குன்னு தனியா ஒரு மேசை கிடையாது. எங்கம்மா வேற அங்கதான் இருக்கா. ரெண்டு பேருக்கும் ஆகாது." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "இன்னும் கொஞ்ச நேரம் சாப்பிடட்டும்டா."

பதிலுக்குச் சிங்யியின் வயிறுதான் பேசியது. தெரு வரைக்கும் கேட்கும்படி நீளமாக ஓர் உறுமல்.

"உள்ள இருக்கறவங்க வேலை மாமா. நான் இல்ல," என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "அத்தை இருந்தா இந்நேரம் அவங்க தட்டையே என் பக்கம் தள்ளியிருப்பாங்க."

"தள்ளியிருப்பா," என்றார் லியாவ். "யாராவது பசின்னு சொல்லிட்டா அவளுக்கு அப்புறம் ஒரு வாய் இறங்காது."

அவர் விரல்கள் வலது பை வரைக்கும் போயின. அங்கேயே கொஞ்சம் தயங்கிவிட்டு, இடது பைக்கே திரும்பின.

"ஒரே ஒரு தடவை. அப்புறம் சாப்பிடலாம்."

காசுகள் விழுந்தன. ஒன்று உடனே படுத்துவிட்டது. மற்றது உருண்டு போய், யூலானின் நாற்காலிக் காலில் மோதி, நிதானமாகச் சாய்ந்தது.

ஒன்று தலை. ஒன்று பூ.

"அப்பாடா," என்று போவென் கிண்ணங்களை எடுக்க ஓடினான். சிங்யி அதற்குக்கூடக் காத்திருக்கவில்லை. யூலானின் தட்டிலிருந்த இறாலை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். தெருமுனையில் குப்பை லாரியின் பாட்டு கேட்டது.

லியாவ் மட்டும் நாற்காலிக் காலருகே போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அந்தக் காசை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். விளிம்பை நகத்தால் சுரண்டினார். மறுபடியும் திருப்பிப் பார்த்தார்.

"வாங்க மாமா, ஆறுது. அத்தைதான் சாப்பிட்டாச்சுன்னு சொல்லிட்டாங்களே."

அவர் நிமிரவில்லை.

"பட்டறையில நானே அறுத்து ஒட்டின காசும்மா. இதுல பூவே கிடையாது."