இராசையா வீட்டு நீல நெருப்பு

"சாணகத்தில வாற காஸில சமைச்ச சோத்தை மனிசன் தின்னுவானோ, ஜவாஹிர்? வாயில வைக்க ஏலாது!"

கனகரத்தினம் சொன்ன வேகத்தில் அவர் இருந்த கதிரை கிரீச்சிட்டது. எதிரே இருந்த ஜவாஹிர் தேத்தண்ணியை ஊதிக் குடித்தபடி சிரித்தார். கிண்ணியாவுக்கும் திருகோணமலைக்கும் இடையே மோட்டார் வள்ளம் ஓட்டுகிறவர் அவர். டீசல் தட்டுப்பாடு தொடங்கிய நாளிலிருந்து, துறைமுக எண்ணெய்த் தாங்கிகளில் கிளாக்கராக இருக்கும் கனகரத்தினத்தைத் தேடி வாரத்துக்கு ஒரு தடவையாவது பாலையூற்று வீட்டுக்கு வந்துவிடுவார். இன்றும் வந்தார். ஆனால் நேரே போனது பின்வளவில் குடியிருக்கும் இராசையா வீட்டுக்கு.

இராசையா துறைமுகத்தில் இரும்பு வேலை செய்கிறவன். பழைய பீப்பாய் ஒன்றைச் சாணகக் குழியில் கவிழ்த்து, குழாய் பூட்டி, அடுப்பு எரிக்கிறான். அந்த நீல நெருப்பை ஆற அமரப் பார்த்துவிட்டு, போகிற வழியில்தான் ஜவாஹிர் இங்கே எட்டிப் பார்த்தார். கனகரத்தினத்துக்கு வயிறு எரிந்தது. அரபு நாட்டில் எண்ணெய் விலை ஏறிய நாள் முதல் ஒழுங்கைச் சனம் முழுவதும் அவர் வாசலில்தான் நின்றது. 'ஐயா, ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கு வழி சொல்லுங்கோ' என்று கெஞ்சியவர்கள் எல்லாம் இப்போது இராசையாவின் படலைக்குள் நுழைகிறார்கள்.

"காத்து இரிக்கி, வெயில் இரிக்கி, சாணகம் இரிக்கி. எண்ணெய் இல்லாட்டி உலகம் நிண்டிரப் போகுதா, ஐயா?" என்றார் ஜவாஹிர்.

"போன மாசம் வள்ளத்துக்குப் பாய் கட்டினீர்தானே? என்ன நடந்தது?"

"காத்து விழுந்து, நடுவில மூணு மணித்தியாலம் நிண்டம்."

"பாத்தீரோ! காத்துக்கு நேரம் காலம் இல்லை. வெயிலை நம்பினால் மாரியில பட்டினி. சாணகத்துக்கு மாடு வேணும். என்னட்ட எண்டாலும் மூண்டு நிக்குது, இராசையாட்ட நிக்கிறது ஒரேயொரு மாடு. அதை வைச்சு எத்தினை நாளைக்கு எரிப்பான்?"

"வள்ளத்துக்குப் பத்தாது, ஐயா. அதுக்கு எண்ணெய்தான். ஆனா அடுப்புக்குக் காணும். ரெண்டு மாசமா எரியுதே! புகையுமில்ல, கரியுமில்ல."

கனகரத்தினம் பேச்சை மாற்றினார். "தேத்தண்ணி எப்பிடி?"

"சோக்கு."

"விறகடுப்பில போட்டது! வருசத்துக்கு அடுக்கின பாலை விறகு, இன்னும் அரைவாசிகூடக் குறையேல்லை. நல்ல விறகெண்டால் புகையாது. எங்கட மனிசிக்கு ஆறு வருசமா இருந்த இருமலே நிண்டுபோச்சு, தெரியுமோ?"

வெறும் கோப்பையை எடுக்க வந்த அவர் மனைவி கமலேஸ்வரி அவசரமாக அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஜவாஹிர் விடைபெற்றதும் கனகரத்தினம் தனக்குள் சிரித்துக்கொண்டார். குழி கிணற்றுக்குக் கிட்ட இருக்கிறது என்று நகரசபைக்கு அவர் போட்ட மொட்டைக் கடிதம் இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கும். அந்த நெருப்பு அணைந்தால்தான் அவருக்கு நித்திரை வரும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வேலை முடிந்து வந்தபோது இராசையா வீட்டு வாசலில் சனம் கூடி நின்றது. அவர் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் வந்தார். கமலேஸ்வரியின் கண் சிவந்திருந்தது.

"சுகாதாரப் பரிசோதகர் வந்து குழியை மூடச் சொல்லிப்போட்டாராம். ஆரோ கடிதம் போட்டிருக்கினம்."

"பாவம் இராசையா," என்றார், முகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு. உள்ளே மனம் குளிர்ந்துபோயிருந்தது. "ஆரோ எரிச்சல் பிடிச்சவன் பாத்த வேலை. அது கிடக்கட்டும், சாப்பாட்டைப் போடும்."

"இன்னும் சமைக்கேல்லை. இனித்தான் விறகு கொத்தவேணும்."

"ஏன், இவ்வளவு நேரமும் என்ன செய்தனீர்?"

கமலேஸ்வரி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரு மாட்டை வைச்சு எப்பிடி எரிப்பான் எண்டு கேட்டியளே, எங்கட மூண்டு மாட்டின்ர சாணகமும் வேலி ஓட்டைப் பொட்டுக்குள்ளால அங்கதான் போனது. ரெண்டு மாசமா எங்கட சோறு, கறி, நீங்கள் பெருமையாப் புழுகின தேத்தண்ணி எல்லாம் இராசையாவின்ர மனிசி இராசமலரக்காவின்ர அடுப்பில இருந்துதான் வந்தது. சொன்னால் விடமாட்டியள் எண்டுதான் சொல்லேல்லை."

கோடரியை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறம் போனாள்.

சற்று நேரத்தில் குசினிக் கூரையால் புகை கிளம்பியது. அதன் பின்னாலேயே, ஆறு வருடப் பழைய அந்த இருமலும்.