பயணியின் வண்டி

"ரெண்டு பக்கமும் பை மட்டும் போதாது தம்பி. பின் சீட்டு சும்மாத்தானே கிடக்கு, அதுல ஒரு பெட்டியும் வெச்சிடுங்க."

சொன்னது பயணியின் மனைவி. அப்போதுதான் ஆபீஸிலிருந்து வந்த பயணி, கழற்றிய ஒரு செருப்பைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றுவிட்டார்.

பயணி என்பது ஆபீஸில் வைத்த பெயர். "அடுத்த லீவுக்கு வண்டியை எடுத்துக்கிட்டு ரெண்டாயிரம் கிலோமீட்டர், ஒரே ஓட்டம்" என்று பதினோரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பவரை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? கல்யாணத்துக்கு முன்னால் வாங்கிய பழைய மோட்டார் சைக்கிள், முன்னறையில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. மீதிப் பாதியில் மனைவியின் தையல் மிஷின். தைக்க வந்த துணியெல்லாம் தரையில் குவியலாகக் கிடக்கும்.

"வண்டியை வித்துட்டு அங்க ஒரு பீரோ வைக்கலாங்க" என்று அவள் கேட்கும்போதெல்லாம், "நான் உயிரோட இருக்கிறவரைக்கும் இது வீட்டை விட்டுப் போகாது!" என்று எகிறுவார். அந்த ரெண்டாயிரம் கிலோமீட்டர் நடக்காமல் போனதற்கும் பழி அவள் மேல்தான். "வீட்டுல விடமாட்டேங்கறா சார்" என்று ஆபீஸில் பெருமூச்சு விடுவார். அந்த அம்மாள் ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொன்னதில்லை என்பது வேறு விஷயம்.

அப்படிப்பட்டவள் இப்போது மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழைத்து வேலை வாங்கிக்கொண்டிருக்கிறாள். முன்பக்கக் கம்பியின் இருபுறமும் பெரிய கான்வாஸ் பைகள் ஏற்கெனவே ஏறி, டேங்கிலிருந்து கால்மிதி வரை தொங்கின. பின்பக்கம் இன்னும் இரண்டு ஏறிக்கொண்டிருந்தன.

"இதுக்கெல்லாம் பணம்?"

"அதை நான் பார்த்துக்கிட்டேன். உங்க வண்டிக்குத்தானே செய்யறேன்."

பயணி கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டார். கடைசியில் ஒருவழியாகப் புரிந்துகொண்டாளே! அடுத்த நிமிஷமே நிபுணராகிவிட்டார்.

"தம்பி, சைலன்சர் பக்கம் இடைவெளி விடுங்க. சூட்டுல பை கருகிடும்."

மெக்கானிக், பயணியின் மனைவியைப் பார்த்தார். அவள் ஊசியில் நூல் கோர்ப்பதில் மும்முரமாக இருந்தாள்.

"சூடு வராது சார். அதுக்கு நான் கேரண்டி."

"எடை? இவ்வளவும் ரொப்பினா வண்டி தாங்குமா?"

"எவ்வளவு வேணா ரொப்புங்க. இப்ப இருக்கிற நிலைமையில ஒண்ணும் ஆகாது."

"ஈரம் இறங்காதுல்ல? பூச்சி கீச்சி உள்ள போகாதுல்ல?" என்று மனைவி கேட்டாள். என்ன அக்கறை, என்ன அக்கறை என்று பயணி உருகிப்போனார்.

பைகளை நிரப்பும் வேலையையும் அவளே எடுத்துக்கொண்டாள். "நீங்க கை வெச்சா கலைச்சுடுவீங்க" என்று பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அதன்பிறகு தினமும் சாயங்காலம் பயணி வண்டி மேல் ஏறி உட்காருவார். ஹாரனை இரண்டு தடவை அடிப்பார். கண்ணாடியில் மீசையைச் சரிசெய்வார். வளைவில் திரும்புவதுபோல் சாய்ந்து ஒரு போட்டோ எடுத்து ஆபீஸ் குரூப்பில் போட்டுவிட்டு, களைத்துப்போய் இறங்கிக் காபி கேட்பார்.

ஆனால் ராத்திரியில் தூக்கம் வரவில்லை. மனைவியே வழிவிட்டுவிட்டாள் என்று தம்பட்டம் அடித்தாகிவிட்டது. மேனேஜர் வேறு பத்து நாள் லீவை இவர் கேட்காமலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். இந்தத் தடவையும் கிளம்பாவிட்டால் ஆபீஸில் தலைகாட்ட முடியாது. சாக்குச் சொல்லக்கூட ஆள் இல்லாமல் பயணி முதல்முறையாகப் பயந்துபோனார்.

ஆறு வாரம் கழித்து அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தே விட்டது. மேனேஜர் தலைமையில் ஏழு பேர், நிஜமாகவே போகிறாரா என்று பார்க்க வாசலில் போனைத் தூக்கிப் பிடித்து நின்றார்கள்.

மனைவி ஒரு தோள்பையை நீட்டினாள். "ரெண்டு செட் துணி இருக்கு. பஸ் எட்டரைக்கு."

பயணி விழுந்து விழுந்து சிரித்தார். கிளம்புகிற நேரத்தில் இவளுக்கு என்ன கேலி! "தோள்பை எதுக்கு? வண்டியில இத்தனை பை இருக்கே."

"அதெல்லாம் ரொம்பிடுச்சு" என்று சொல்லிவிட்டு, அளவு கொடுக்கக் காத்திருந்த பெண்ணிடம் போய்விட்டாள்.

பயணி வண்டியைத் தெருவுக்குத் தள்ளினார். அது கன்றுக்குட்டி மாதிரி கூடவே வந்தது.

"பார்த்தீங்களா சார், எவ்வளவு லேசா வருது! பையை மாட்ற விதத்துல மாட்டினா இதான். எல்லாம் பேலன்ஸ்!"

ஏழு போன்களும் அவரையே பார்த்தன. ஏறி உட்கார்ந்தார். ஹாரன் அடித்தார். நெஞ்சை நிமிர்த்தி, காலைத் தூக்கி ஓங்கி ஒரு உதை விட்டார். கால் காற்றை உதைத்துத் தரையில் போய் இடித்தது. இன்னொரு தடவை உதைத்தார். மறுபடியும் தரைதான்.

குனிந்து முன்பக்கப் பையைத் தூக்கிப் பார்த்தார். பைக்குப் பின்னால், டேங்குக்கு அடியில், மூன்று அடுக்காக நூல்கண்டு டப்பாக்கள்.

சத்தம் கேட்டு மனைவி கழுத்தில் டேப்போடு வெளியே வந்தாள். "என்னங்க இது, பீரோவைத் தெருவுக்குத் தள்ளிட்டு வந்திருக்கீங்க?"

"எ... என்ஜின் எங்கே?"

"அதை வித்துத்தானே இந்தப் பையெல்லாம் வாங்கினேன்" என்றாள் அவள். "ஆறு வாரமா தினமும் மேல ஏறி உட்கார்றீங்க, இன்னிக்குத்தான் தேடறீங்க!"